‘அம்மா பழகுறது’

“இந்தப் பழைய லேப்டாப்பையே வெச்சுக்கவா, திருப்பிக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிடவா? நீங்கதான் சொல்லணும்மா” என்றார் கருணாகரன்.

மரகதவல்லி தியானக் கூடத்து ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொண்டிருந்தார். வாயில் நாலு ஆணிகள் இருந்தன.

கருணாகரனுக்கு அறுபத்தொரு வயது. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மரகதவல்லி அவரைவிட இருபது வயது இளையவர். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட அந்தக் கூடத்தில் தியானம் சொல்லித்தர வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

ஞாயிறுதோறும் அவர் பேசுவதைக் கருணாகரன் நோட்டில் குறித்துக்கொள்வார். பிழையில்லாமல் ஒரு புத்தகமாக்கிவிட வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் லேப்டாப்.

புதியது நாற்பத்தெட்டாயிரம் என்றார்கள். பழையதைச் சரிபார்த்து விற்கிற கடையில் பதினேழாயிரம். பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அன்று ஆறாம் நாள்.

மரகதவல்லி ஆணிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார்.

“என்ன குறை அதுல?”

“பேட்டரி ரெண்டு மணி நேரம்தான் நிக்குது.”

“வீட்டுல கரன்ட் இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம்?”

“ஒரு ஓரம் நசுங்கியிருக்கு.”

“டைப் அடிச்சா எழுத்து வருதா?”

“வருது.”

“அப்புறம் என்ன சார்?”

முப்பத்துநாலு வருட வேலையில் யாரும் அவரை இப்படி ‘அப்புறம், அப்புறம்’ என்று கேட்டதில்லை. அவர்தான் மற்றவர்களைக் கேட்பார்.

“யாரோ வெச்சிருந்ததும்மா. மனசு ஒட்டல.”

“அது முதல் நாளே தெரிஞ்சிருக்குமே. ஆறு நாள் எதுக்கு வெச்சிருந்தீங்க?”

கருணாகரன் மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

“அதுக்குள்ள ஒரு கடுதாசி இருந்தது” என்றார்.

உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கடையில் விற்பார்கள். இதில் எப்படியோ ஒன்று விட்டுப்போயிருந்தது. ‘அம்மா பழகுறது’ என்று பேர் வைத்த ஒரு ஃபோல்டர். யாரோ ஒரு பெண் தன் அம்மாவுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அம்மா, மாணவர் விடுதி ஒன்றில் உதவியாளர் வேலை கேட்டு விண்ணப்பம் அடித்துப் பழகியிருக்கிறாள். ஒரே விண்ணப்பம்தான். திரும்பத் திரும்ப அடித்து, நாளுக்கு ஒன்றாகச் சேமித்து வைத்திருந்தாள்.

“எத்தனை?”

“நாப்பத்தொண்ணு.”

“எல்லாம் படிச்சீங்களா?”

“மூணுதான் படிச்சேன்.” அவர் குரல் இறங்கியது. “சத்தமாப் படிச்சேன்.”

மகளும் மருமகனும் விருந்துக்கு வந்திருந்தார்கள். இலை போட்டாயிற்று. கருணாகரன் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். அலுவலகத்தில் கீழே இருப்பவர்களின் குறிப்புகளை வாசித்துக் காட்டிச் சிரிக்க வைப்பதில் அவருக்குப் பேர் உண்டு. அதே குரலை எடுத்தார்.

“‘மதிப்பிர்குறிய அய்யா, வனக்கம். எனக்கு ஒறு வேளை வேண்டும்.’ எந்த வேளை? காலை வேளையா, மாலை வேளையா?”

மருமகனுக்குப் புரையேறிவிட்டது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொண்ணு படிங்கப்பா” என்றாள். இன்னொன்று படித்தார். அதற்கப்புறம் இன்னொன்று.

அவர் மனைவி தையல்நாயகி சிரிக்கவில்லை. ரசவாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விருந்தாளிகள் போனபிறகு வந்து கேட்டாள்: “எனக்கும் எழுத்து இப்படித்தான் வரும். கல்யாணமான புதுசுல உங்களுக்கு லெட்டர் எழுதினேனே, அதையும் உங்ககூட ரூம்ல தங்கியிருந்தவங்களுக்கு இப்படித்தான் படிச்சுக் காட்டினீங்களா?”

கருணாகரன் லேப்டாப்பை மூடினார்.

படித்துக் காட்டியிருந்தார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது. மரகதவல்லி ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்.

“திருப்பிக் கொடுத்தா அடுத்து யார் கைக்குப் போகும்?” என்று கேட்டார் மரகதவல்லி.

“யாராவது வாங்குவாங்க.”

“அவங்களும் சாப்பிடறப்ப படிப்பாங்களா?”

“அழிச்சுட்டுக் கொடுத்துடறேம்மா. இப்பவே அழிச்சுடறேன்.”

“அவங்க நாப்பத்தொரு நாள் உக்காந்து அடிச்சது. அதை அழிக்க நீங்க யாரு சார்?”

அதில் கோபம் இல்லை. காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று நர்ஸ் கேட்பது போல இருந்தது. அதனாலேயே கருணாகரனால் தலை நிமிர முடியவில்லை.

“கடைசியா இருக்கிறதைத் திறங்க” என்றார் மரகதவல்லி. “எனக்குப் படிச்சுக் காட்டுங்க.”

“வேண்டாம்மா.”

“படிங்க.”

அவர் லேப்டாப்பைத் திறந்தார். வரிசையின் அடியில் இருந்த விண்ணப்பத்தைத் தட்டினார். படிக்க ஆரம்பித்தபோது எந்தக் குரலில் படிப்பதென்று தெரியவில்லை.

“‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். என் பெயர் செ. அன்னக்கொடி. வயது நாற்பத்தாறு. பத்தாம் வகுப்புவரை படித்துள்ளேன். தங்கள் விடுதியில் உதவியாளர் வேலை காலியாக உள்ளதாக அறிந்தேன். நான் அதிகாலையிலேயே வந்துவிடுவேன். பிள்ளைகளிடம் கோபப்பட மாட்டேன். என் கணவர் இறந்துவிட்டார். என் மகள் எனக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தாள். இந்த விண்ணப்பத்தை நானே தட்டச்சு செய்தேன்.’”

அவர் நிறுத்தினார். மறுபடி முதல் வரிக்குப் போனார். ஒவ்வொரு வரியாகக் கண்ணை ஓட்டினார். பேனா பிடித்த நாள் முதல் மற்றவர்களின் பிழைகளைச் சுழித்த கண் அது. ரகரம் பார்த்தது. ளகரம் பார்த்தது. ஒற்று பார்த்தது.

“இதுல தப்பே இல்லம்மா” என்றார்.

“கீழே என்ன இருக்கு?”

“கையெழுத்துக்கு இடம் விட்டிருக்காங்க. செல்போன் நம்பர் இருக்கு.”

மரகதவல்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“வெச்சிருக்கவா, அழிக்கவா, உங்களுக்கு அனுப்பவான்னு அவங்களைக் கேளுங்க.”

“விருந்துல படிச்சுக் காட்டினதை?”

“அது உங்க வாயில இருக்கு. நான் என்ன சொல்ல?”

கருணாகரன் போனை எடுத்தார். நம்பரை ஒருமுறை தப்பாக அழுத்தினார். மறுபடி அழுத்தினார். நம்பர் உபயோகத்தில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

எதிர்முனையில் மணி அடித்தது.

“அலோ, யாருங்க?” பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம்.

“அன்னக்கொடி அம்மாவா?”

“ஆமா.”

“என் பேர் கருணாகரன். நீங்க டைப் அடிச்ச விண்ணப்பம் ஒண்ணு என் கையில இருக்கு…”

மேலே சொல்வதற்குள் அந்தப் பக்கம் அடுப்பு அணைந்தது. நாற்காலியோ பலகையோ நகர்ந்தது. பிறகு வந்த குரல் வேறாக இருந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு எதிரில் வந்து நிற்பவள் குரல்.

“வணக்கம் ஐயா. வேலை விஷயமாங்களா?”

கருணாகரனால் அதற்கு உட்கார்ந்தபடி பதில் சொல்ல முடியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றார்.

“இல்லம்மா” என்றார். “மன்னிப்பு விஷயமா.”