மூன்றாம் வளைவு வரை

சீடனுக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்தாறு. அதில் இருவருக்கும் சங்கடமில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான்.

குருவின் பெயர் சுகுணா. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். சீடன் நாச்சிமுத்து. ஒரு நூல் மில்லின் வாசலில் முப்பது வருஷம் பாஸ் பார்த்து ஆள் விட்டவர். மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தால் மருமகளோடு வாய்த்தகராறு. தொழில் பழகுகிறேன் என்று இங்கே வந்து சேர்ந்தார்.

குரு என்றெல்லாம் அவர் வாயால் சொன்னதில்லை. "அம்மிணி" என்பார். அவள் "அய்யா" என்பாள். ஸ்க்ரூவைக் கழற்றுங்கள் என்றால் கழற்றுவார். ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் கழற்றுவார்.

அன்று காலை தெய்வானை படியேறி வந்தாள். இடுப்பில் ஒரு பழைய சி.பி.யூ. தோள்பையில் ஒரு ஸ்டியரிங். பொம்மை ஸ்டியரிங் இல்லை. கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டுகிற ஸ்டியரிங். யாரோ ஓட்டித் தேய்த்ததை விலைக்கு வாங்கியிருந்தாள்.

"ஏனுங்க, கேம் திறக்க மாட்டேங்குது."

நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"விளையாடுற வயசா கண்ணு உனக்கு?"

"உங்களுக்குப் படிக்கிற வயசுங்களா?"

உள்ளே மேஜைக்குப் பின்னால் சுகுணா செருமினாள். ரப்பரை வைத்து ராம் என்கிற மெமரி அட்டையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

நாச்சிமுத்து சி.பி.யூவுக்கு வயரைச் சொருகினார். கேம் படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். சின்னதாய் ஒரு பெட்டி வந்தது. அதில் பஸ் படம். கீழே ஒரு வட்டம் சுற்றியது. நின்றது. இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்தக் கம்ப்யூட்டருக்குக் குறைந்தபட்சத் தகுதி இல்லை. அதற்குக் கீழே சரி என்று ஒரே ஒரு பொத்தான். சரி இல்லை என்று சொல்லப் பொத்தான் கிடையாது.

"முடிஞ்சுது" என்றார். "மெஷின் பத்தாது. புதுசு வாங்கு."

"போன வாரம் ஓடுச்சுங்களே."

"இப்ப ஓடாது. போட்டிருக்கான் பாரு."

"ஞாயித்துக்கிழமை தானா என்னமோ அப்டேட் ஆச்சுங்க. அதுலருந்துதான்."

"அப்ப அப்டேட் பண்ணுனவனைக் கேளு. எடுத்துட்டுப் போ கண்ணு. படியில பார்த்து எறங்கு."

தெய்வானை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போக மாட்டேனுங்க."

"போகாம?"

"இங்கேயே இருப்பேன். ஓடுற வரைக்கும்."

நாச்சிமுத்துவுக்குச் சுர்ரென்று வந்தது. மில் வாசலில் இப்படி உட்கார்ந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். எழுப்பியும் இருக்கிறார்.

"ஒரு கேமுக்கு இத்தனை அழிச்சாட்டியமா?"

"கேமுக்கு இல்லைங்க."

சொன்னாள். இளநீர் லோடு வண்டி ஓட்டுகிறவள் அவள். ஹெவி லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம் ஆகிறது. பஸ்ஸுக்கு யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். மலைமேல் டீ எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ். நாளை மறுநாள் ஒரு நடை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிவிட்டால் வேலை.

"டிரைவிங் ஸ்கூல்ல சொல்லித் தரலையா?"

"மைதானத்துல வட்டம் அடிக்கச் சொன்னாங்க. அவங்க பஸ்ஸு மலையேறுனா திரும்பி வராதுங்க. வளைவுல பின்சக்கரம் எங்கே வருதுன்னு நான் இதுலதான் பழகுறேன். நம்ம மலை மாதிரியே ஒருத்தன் ரோடு போட்டு வெச்சிருக்கான். அதே வளைவு. அதே சுவர்."

"பொம்மையில பழகி பஸ் ஓட்டப் போற!"

"நிஜ பஸ்ஸு எவன் குடுக்கிறான், நீங்க குடுக்கிறீங்களா?"

நாச்சிமுத்து மவுஸைத் தள்ளி வைத்தார். உள்ளே திரும்பினார்.

"அம்மிணி, இந்தப் புள்ளைக்கு நீயாவது சொல்லு. தகுதி இல்லைன்னு மெஷினே சொல்லுது. நாம என்ன பண்ண முடியும்?"

சுகுணா ராமின் காலை ஊதினாள்.

"யாரு சொன்னது?"

"கேமு."

"கேம் திறந்துச்சா?"

"அதான் திறக்கலையே."

"திறக்காதது எப்படிப் பேசுச்சு?"

நாச்சிமுத்து திரையைப் பார்த்தார். பஸ் படம் போட்ட பெட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"இது கேம் இல்லையா?"

"இல்லைங்க. அது லாஞ்சர். கேமுக்கு முன்னால நிக்கிற ஆளு. வர்றவங்களைப் பார்க்கும். விடும். இல்லைன்னா விடாது."

"பார்த்துத்தானே சொல்லுது?"

"என்னத்தைப் பார்த்துச்சு?"

"மெஷினை."

"மெஷின் பேரைப் பார்த்துச்சு. ஓட்டிப் பார்க்கலை."

இது நாச்சிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வாசல்ல நிக்கிறவன்னா உனக்கு அவ்வளவு எளப்பமா அம்மிணி? முப்பது வருஷம் நின்னவன் நான். அத்தனை பேரையும் உள்ளே விட்டு, ஓட்டிப் பார்த்துட்டு வெளியே அனுப்ப முடியுமா? பாஸ் இருந்தா விடு. இல்லைன்னா அனுப்பு. அதுதான் வேலை. அதுல என்ன தப்பு?"

"தப்புன்னு நான் சொல்லலையே."

"பின்னே?"

"பாஸ் இல்லாம வந்தவனுக்கு நூல் ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அதேதானுங்க" என்றாள் சுகுணா. ராமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

தெய்வானை சிரிப்பை அடக்கினாள். நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டார்.

"சரி. இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"கேம் எங்கே இருக்குன்னு தேடுங்க. அதையே நேரா எழுப்புங்க. லாஞ்சர்கிட்டக் கேட்க வேண்டாம்."

"வேண்டாம்னு எழுதியிருக்கும்போதே உள்ளே போறதா?"

"வேண்டாம்னு எழுதியிருக்கா? தகுதி இல்லைன்னுதானே எழுதியிருக்கு?"

"மெஷின் கிஷின் எரிஞ்சா?"

"என் மெஷினுங்க" என்றாள் தெய்வானை. "எரிஞ்சா நான் அள்ளிக்கறேன்."

நாச்சிமுத்து கண்ணாடியை மறுபடி மாட்டினார். வாய்க்குள் எதையோ முனகினார். கேம் இருக்கிற கோப்புறையைத் திறந்தார். உள்ளே ஒரு கோப்புறை, அதற்குள் ஒன்று. லாஞ்சர் ஒரு பக்கம் கிடந்தது. கேம் வேறு பக்கம் தனியாகத்தான் கிடந்தது. முப்பது வருஷம் மில்லில் இருந்தும் நூற்புக் கூடத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. ஏனோ அது இப்போது நினைவுக்கு வந்தது. எரிச்சலோடு இரண்டு தட்டுத் தட்டினார்.

திரை கறுத்தது.

"போச்சு" என்றார்.

சி.பி.யூவின் காற்றாடி மட்டும் இரைச்சல் போட்டது. கீழே பஸ் ஸ்டாண்டில் உடுமலை, உடுமலை என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். கறுப்பு அப்படியே இருந்தது. நாச்சிமுத்து ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"கையை எடுங்க" என்றாள் சுகுணா.

எடுத்தார். முதலில் சத்தம் வந்தது. இன்ஜின் சத்தம். அப்புறம் பஸ் வந்தது. மலை வந்தது. மலை முழுக்க மரம். ரோட்டோரம் மனிதர்கள்.

தெய்வானை ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தாள். ஸ்டியரிங்கை மேஜை விளிம்பில் இறுக்கினாள். பஸ் கிளம்பியது. ஓடவில்லை, விக்கியது. படம் ஒரு கணம் நிற்கும், ஒரு கணம் தாவும். முதல் வளைவைத் தாண்டினாள். இரண்டாவதில் மரங்கள் பாதி பாதியாய் வந்தன. மூன்றாவதில் திரை உறைந்தது. கேம் மறைந்துபோனது. ஒரு வார்த்தை சொல்லாமல் போனது.

நாச்சிமுத்து எழுந்தேவிட்டார்.

"நான் சொன்னேனா இல்லையா? தகுதி இல்லைன்னு அந்தப் பெட்டி ஒழுங்கா சொல்லுச்சு. நானும் சொன்னேன். வாசல்ல நிக்கிறவன் பேச்சுக்கு மதிப்பு இல்லை! இப்ப என்ன ஆச்சு?"

தெய்வானை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. முகம் சின்னதாகிவிட்டது.

சுகுணா முதல் தடவையாக மேஜையை விட்டு எழுந்து வந்தாள்.

"எதனால விழுந்துச்சு அய்யா?"

"எதனாலயா? மரம். கண்ணுல பார்த்தேனே. இத்தனை மரத்தை இந்த மெஷின் எப்படி வரையும்? ரெண்டாவது வளைவுலயே மூச்சு வாங்குச்சு. நெழல் வேற. ஆளுங்க வேற. யாரு கேட்டா அத்தனை ஆளுங்களை?"

"முதல்ல அந்தப் பெட்டி எதனால விடலை?"

நாச்சிமுத்து அந்த இங்கிலீஷ் வரியை மறுபடி நினைத்துப் பார்த்தார். தகுதி இல்லை என்றதே தவிர, எது பத்தவில்லை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

சுகுணா திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அடுத்த ராமை எடுத்தாள்.

நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டார். தெய்வானையை முழங்கையால் நகர்த்தினார்.

"தள்ளு. மரம் வேணுமா உனக்கு?"

"வேண்டாமுங்க."

"நெழல்?"

"வேண்டாம்."

"மழை?"

"மலைல மழை வருமே."

"வந்தா அங்கே நனைஞ்சுக்கோ. இங்கே வேணுமா?"

"வேண்டாம்."

"ஆளுங்க?"

"எறக்கிவிட்டுருங்க. பஸ்ஸு காலியாப் போகட்டும்."

"வானம்?"

"வானம் எதுக்குங்க, ரோட்டைப் பார்த்தாப் போதாதா?"

"சுவர்?"

"ஐயையோ, சுவர் வேணும்! எங்கே இடிக்கும்னு தெரியணுமில்ல?"

கேமை மறுபடி எழுப்பி, அதன் செட்டிங்ஸில் ஒவ்வொன்றையும் எடுத்தார். எடுக்க எடுக்க அவருக்கே ஒரு வேகம் வந்தது. எல்லாம் போன பிறகு மொட்டை மலை ஒன்று மிஞ்சியது. சாம்பல் நிறத்தில் ரோடு. ஓரத்தில் சுவர். பார்க்கச் சகிக்கவில்லை.

"அசிங்கமா இருக்கு" என்றார்.

"நல்லா இருக்குங்க" என்றாள் தெய்வானை. ஏறி ஓட்டினாள்.

மூன்றாவது வளைவு போனது. நாலாவது போனது. பஸ் விக்கவில்லை. ஏழாவதில் பின்சக்கரம் சுவரில் உரசியது.

"இடிச்சுட்ட" என்றார் நாச்சிமுத்து.

"கண்ணு தெரியுதுங்க எனக்கும்."

மறுபடி கீழேயிருந்து ஏற்றினாள். மறுபடி ஏழாவதில் உரசியது. மறுபடி ஏற்றினாள். நாச்சிமுத்து தேநீர் வாங்கிவரச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தார். இரண்டு பேர் ரிப்பேருக்கு வந்தார்கள். அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அனுப்பின பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, படியில் எட்டிப் பார்த்து, அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். என்ன கோளாறு என்று கேட்டு வாங்கி வைத்தார்.

தெய்வானை ஏழாவதைத் தாண்டிவிட்டிருந்தாள். உதட்டை மடித்துக் கடித்திருந்தாள். தோள் இரண்டும் வளைவோடு சேர்ந்து திரும்பின. டீ ஆறிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் இருந்த வேகம் இறங்கிவிட்டது. மெல்ல நகர்ந்து சுகுணாவின் மேஜைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, அந்த எஸ்டேட் பஸ் ஓனரை எனக்குத் தெரியும். எங்க மில்லுக்கு வண்டி விட்டவன். அவன்கிட்ட ரெண்டு பஸ்ஸு. ஒண்ணுக்கு ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும். ஆம்பளைங்களே அதை ஒடிக்கத் தெணறுவாங்க. அதைத்தான் இந்தப் புள்ளைக்குக் குடுப்பான்."

சுகுணா ரப்பரை நிறுத்தினாள்.

"வேலை குடுக்கக் கூப்பிடலை அம்மிணி. பொம்பளையால ஆகாதுன்னு நாலு பேர் முன்னால காட்டணும். அதுக்குத்தான் கூப்பிடுறான்."

"தெரியுமுங்க" என்றாள் தெய்வானை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த பஸ்ஸைத்தான் கேட்டு வாங்கியிருக்கேன். பின்னால, நல்ல பஸ்ஸைக் குடுத்தோம், அதான் இவ ஓட்டிட்டான்னு சொல்லக் கூடாதில்ல?"

நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை.

"கேட்டியா அம்மிணி இவ பேச்சை? தோக்கடிக்கணும்னே கூப்பிடுறவன்கிட்ட எதுக்குப் போகணும்? நீயாவது போக வேண்டாம்னு சொல்லு."

சுகுணா ராமை மதர்போர்டுப் பலகையில் பொருத்தினாள். கட்டைவிரலால் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

"தோக்கடிக்கணும்னாலும் அவன் முதல்ல சாவியைக் கையில குடுத்தாகணுமில்லீங்க அய்யா?"