பிந்தி வந்த பேஸ் கிட்டார்

“ஆஸ்வல்ட் அங்கிளை மாத்திரலாமுங்க ஆன்ட்டி” என்றான் பரிதி.

டெல்ஃபின் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எல்லாப் பாட்டுலயும் பிந்துறார். சும்மா வாசிக்கிறதுன்னா பரவால்லைங்க. இது ரெக்கார்டிங்.”

போத்தனூர் ரயில்வே காலனியில் ப்ளூஸ் பாடுகிறவர் டெல்ஃபின் ஒருவர்தான். ஒரு துயரத்தை எடுத்துக்கொண்டு, ஒரே சுற்றில் திரும்பத் திரும்பப் பாடுகிற பாட்டு அது. ஆங்கிலத்திலும் பாடுவார், தமிழிலும் பாடுவார். எழுபதைத் தாண்டிவிட்டார். தொண்டையில் வளர்ந்திருந்ததை எடுத்தே ஆகவேண்டும், அதன் பிறகு பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்குள் அவர் மேடையில் பாடுவதை அப்படியே பதிவு செய்து ஓர் ஆல்பமாகக் கொண்டுவந்துவிட வேண்டும். பரிதிக்கு வேறு நினைப்பே இல்லை.

அவனும் இளைஞன் இல்லை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். கிட்டாரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாமல் அவரிடம் வந்தவன், இப்போது அவருடைய பின்னணிக் குழுவையே நடத்துகிறான். அதில் ஆஸ்வல்ட் வாசிப்பது பேஸ் கிட்டார், பாட்டை அடியிலிருந்து தாங்குகிற கனத்த ஓசை.

“பிந்தினா என்ன ஆகும்?” என்று கேட்டார் டெல்ஃபின்.

“பேஸ் பிந்தினா பாட்டே ஆட்டங்கண்டுருமுங்க. நாங்க எல்லாரும் அது மேலதான நிக்கிறோம்.”

“சரி. நாளைக்கு ரிகர்சலுக்கு அவரை நீயே கூட்டிட்டு வா.”

அவ்வளவுதான். பீன்ஸ் முடிந்திருந்தது. கேரட்டை எடுத்துக்கொண்டார்.

*

ஆஸ்வல்ட் தனியாக இருந்தார். பரிதி போனபோது சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில் அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் ஓரளவு தேறிவிட்டது. கை தேறவில்லை.

பரிதி பொத்தானைப் போட்டுவிடக் கையை நீட்டினான்.

“வேண்டாம் மேன்.”

பரிதி காத்திருந்தான்.

தெருவில் இறங்கியதும் ஆஸ்வல்ட் தானாகவே சொன்னார். “நான் பிந்துறேன்னு எனக்குத் தெரியும்.”

பரிதி நடையைக் குறைத்துக்கொண்டான்.

“நான் சொல்றது விரலுக்குக் கேக்குது மேன். லேட்டாக் கேக்குது.”

“அப்புறம் ஏனுங்க அங்கிள் வர்றீங்க?”

ஆஸ்வல்ட் நின்றுவிட்டார். இப்படி ஒரு கேள்வி உண்டா என்பதுபோல அவனைப் பார்த்தார்.

“அவ கூப்பிடுறாளே.”

பக்கத்துத் தெருவுக்குத்தான் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் வந்து வெகுநேரமாகிவிட்டிருந்தது.

“எங்கே நடந்து வந்த?” என்று டெல்ஃபின் பரிதியிடம் கேட்டார்.

“அவர் பக்கத்துலதானுங்க.”

“முன்னாடி போகலையா?”

“அவரை விட்டுட்டு எப்படிங்க போறது?”

டெல்ஃபின் தலையாட்டினார். பிறகு மைக்கின் உயரத்தைச் சரிசெய்யப் போய்விட்டார்.

பரிதிக்கு எரிச்சலாக இருந்தது. தான் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைத்தான்.

*

பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காலனியின் பழைய கூடத்தில் நடந்தது. சத்தம் மைக்கில் ஏறும் என்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். வந்திருந்தவர்கள் புழுக்கத்தில் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார்கள்.

பாடத் தொடங்குமுன் டெல்ஃபின் எழுந்தார். தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இப்போது அவர் முகம் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்வல்டைப் பார்த்தது.

“ஆன்ட்டி, சனங்க அந்தப் பக்கம்” என்றான் பரிதி மெல்ல.

“அவங்களுக்குக் காது இருக்கு” என்றார்.

பாடினார்.

*வண்டி போயிருச்சு, பாலம் இன்னும் நடுங்குது.*

*வண்டி போயிருச்சு, பாலம் இன்னும் நடுங்குது.*

*ஆட்டி முடிச்ச கையை நான் எங்கே கொண்டு வைப்பேன்?*

ஆஸ்வல்ட் பிந்தினார். முதல் வரியிலேயே பிந்தினார். அவர் விரல் தந்தியை நோக்கிப் போவதைப் பரிதியால் பார்க்க முடிந்தது. அது போய்ச் சேருவதற்குள் தாளம் அந்த இடத்தைக் கடந்திருந்தது. டிரம்ஸ் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டார். பரிதி தன் கிட்டாரைத் தாளத்துக்குள் இழுத்துப் பிடித்திருப்பதிலேயே குறியாக இருந்தான். வேறு எதையும் கேட்க அவனுக்கு அன்றைக்கு நேரமில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. கைதட்டலும் பிந்தித்தான் வந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருந்தார்.

புழுக்கம்தான் காரணம் என்று பரிதி நினைத்துக்கொண்டான்.

*

டெல்ஃபினுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பேச்சு திரும்பி வந்தது, காற்றும் கரகரப்புமாக. பாட்டு திரும்பவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஆஸ்வல்ட் போய்விட்டார். தூக்கத்தில் போய்விட்டார் என்றார்கள். கல்லறையில் உறவென்று நிற்க ஆள் இல்லை. பரிதிதான் முதல் பிடி மண்ணைப் போட்டான்.

அன்றைக்கு அவன் ஒரு முடிவுக்கு வந்தான். அந்த மனிதர் பெயரில் ஒரு குறை வெளியே போகக் கூடாது.

பெங்களூரிலிருந்து நல்ல பேஸ் கலைஞர் ஒருவரை வரவழைத்தான். எல்லாப் பாட்டையும் மறுபடி வாசிக்க வைத்தான். ஓர் இம்மிகூடப் பிசகவில்லை. டெல்ஃபினின் குரலுக்கு வைத்த மைக்கில் ஆஸ்வல்டின் பழைய ஓசையும் லேசாகப் பதிவாகியிருந்தது. ஒலிப்பொறியாளருடன் உட்கார்ந்து அதையும் துடைத்து எடுத்தான்.

ஆல்பத்தில் பேஸ் கிட்டார் என்ற இடத்தில் ஆஸ்வல்டின் பெயரையே போட்டான்.

*

டெல்ஃபின் வீடு திரும்பிய பிறகு கணினியையும் ஒலிபெருக்கிகளையும் எடுத்துக்கொண்டு போனான்.

முதல் பாட்டை ஓடவிட்டான்.

டெல்ஃபின் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் திறந்தார்.

“யாரு வாசிக்கிறது?”

பரிதி சொன்னான்.

“ஆஸ்வல்ட் வாசிச்சது?”

“அழிச்சுட்டேனுங்க. எல்லா இடத்துலயும். யாரும் கேட்டுச் சிரிச்சுரக் கூடாதுன்னு.”

டெல்ஃபினின் கை மடியில் கிடந்தது. அது ஒருமுறை திறந்து மூடியது.

“நல்லா வாசிக்கிறார்” என்றார்.

பரிதிக்குத் தெம்பு வந்தது. மனதில் இருந்த ஒன்றை இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“ஒரே ஒரு சங்கதிங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பேஸைச் சரி பண்ணின பொறகுதான் தெரிஞ்சுது. உங்க குரல் பிந்துதுங்க.”

“அப்படியா?”

“எல்லா வரியிலும். ஒரு நூல் அளவு. அன்னைக்கு உடம்பு முடியாமத்தான பாடினீங்க. கம்ப்யூட்டர்ல அதையும் முன்னால நகர்த்திரலாமுங்க.”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. புதிய பேஸ் தன் இடத்தில் சரியாக வந்து விழுந்தது. தாளம் அதன்மேல் உறுதியாக நின்றது. எல்லாம் தயாராக இருந்த அந்த இடத்தில் டெல்ஃபினின் குரல் மட்டும் வாயைத் திறக்காமல் நின்றது. பிறகுதான் வந்தது.

அடுத்த வரியிலும் அப்படியே நின்றது.

பரிதி இப்போதுதான் அதைக் காதுகொடுத்துக் கேட்டான். உடம்பு முடியாதவர் பிந்துவது ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருக்கும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு வரியின் வாசலிலும் அந்தக் குரல் யாரையோ எதிர்பார்த்து நின்றது. கூட்டத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றது.

பாட்டை நிறுத்தக் கையை நீட்டினான்.

டெல்ஃபின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்தாதே மேன்” என்றார் காற்றுக் குரலில். “வர்றாரான்னு பாப்போம்.”