மிச்சம் பூஜ்யம்

மந்தைக்காட்டுப்புதூர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. தேய்ந்துவிடுமே என்று எடுக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சமையல்காரர் வெள்ளியங்கிரிக்கு மகள் பூவாத்தாள் என்றால் உயிர். அவளுக்குக் கல்யாணம் கூடியது. சம்பந்திதான் கொஞ்சம் ஒரு மாதிரி. "சோறு மிஞ்சி வீணாச்சுன்னா பொண்ணை இங்கயே விட்டுட்டுப் போயிருவோம். யாராச்சும் பசியோட போனாலும் அதேதான்" என்று தட்டு மாற்றும்போதே சொல்லிவிட்டார். வெள்ளியங்கிரி சமைத்தால் அண்டா அண்டாவாக மிஞ்சும் என்பது ஊரறிந்த விஷயம்.

பூவாத்தாள் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். பழைய விருந்துக் கணக்கை எல்லாம் கம்ப்யூட்டரில் எக்செல்லில் ஏற்றி வைத்தாள். கையில் மருதாணி இருந்ததால் மீதியை வாயால் சொன்னாள்.

"அப்பா, ஒவ்வொரு புள்ளியும் நீங்க சமைச்ச ஒரு விருந்து. எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி செலவாச்சுன்னு காட்டும். நடுவுல போற கோடு, இனிமே எவ்வளவு போடோணும்னு சொல்லும். கோட்டுக்கும் புள்ளிக்கும் இருக்கிற இடைவெளியைக் குறைக்கோணும். சால்வர்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்குனா கம்ப்யூட்டரே சரியான கணக்கைக் கண்டுபிடிச்சிரும்."

அவள் போனதும் வெள்ளியங்கிரியும் அவருடைய கையாட்கள் சென்னியப்பனும் ராக்கியண்ணனும் திரையை உற்றுப் பார்த்தார்கள். ஒரு புள்ளி மட்டும் கோட்டுக்கு ரொம்பக் கீழே கிடந்தது.

"கோட்டைக் கீழ இறக்கோணுமோ?" என்றார் சென்னியப்பன்.

"கம்ப்யூட்டர் போட்ட கோடு தப்பாகுமா? புள்ளிதான் ஒழுங்கா நிக்கல" என்றார் ராக்கியண்ணன்.

"யார் வீட்டுப் புள்ளி அது?" என்றார் வெள்ளியங்கிரி.

"வாத்தியார் வீட்டுக் காதுகுத்துங்ணா. விரதம்னு பாதிப் பேரு சரியாச் சாப்பிடல."

அப்புறம் என்ன? ஒரு அண்டா சோறு ஆக்கி, மூவரும் வாத்தியார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "போன மாசி நீங்க கம்மியாச் சாப்பிட்டுட்டீங்க. பாக்கியை இப்பச் சாப்பிட்டுருங்க, புள்ளி மேல ஏறோணும்" என்று பக்கத்திலேயே நின்றார்கள். பாவம், வாத்தியார் குடும்பம் மூச்சு முட்டச் சாப்பிட்டது. திரும்பி வந்து கணக்கைத் திருத்தியதும் புள்ளி கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது. வெள்ளியங்கிரிக்கு நிம்மதி.

அடுத்து, மிச்சம் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையட்டும், அரிசியை உன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள் என்று சால்வரிடம் கேட்டார்கள். பட்டென்று பதில் வந்தது. அரிசி பூஜ்யம், மிச்சம் பூஜ்யம்.

"சோறே ஆக்க வேண்டாங்குதா?" என்று வெள்ளியங்கிரி இழுத்தார்.

"ஆக்காத சோறு மிஞ்சுமாங்ணா?" என்றார் ராக்கியண்ணன்.

வெள்ளியங்கிரி நெடுநேரம் யோசித்தார். மிஞ்சாதுதான். இத்தனை வருஷம் கரண்டி பிடித்தும் இது தோன்றவில்லையே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இருந்தாலும் மகளுக்கு ஒரு போன் போட்டார். சீர் செய்ய அவளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "நிபந்தனை போடாம விட்டுட்டீங்கப்பா! யாரும் பசியோட வெளிய போகக்கூடாதுன்னு போடுங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

"வெளிய எப்படிப் போவாங்க?" என்றார் சென்னியப்பன்.

"கேட்டு வழியாத்தான்" என்றார் ராக்கியண்ணன்.

மண்டபத்துக் கேட்டுக்கு இருப்பதிலேயே பெரிய பூட்டாக வாங்கினார்கள்.

முகூர்த்தம் ஜோராக முடிந்தது. இலை போட்டார்கள், தண்ணீர் வைத்தார்கள். அதற்குமேல் எதுவும் வரவில்லை.

"ஏனுங்க, சோறு?" என்றார் சம்பந்தி.

"ஒரு பருக்கை மிஞ்சலீங்க!" என்றார் வெள்ளியங்கிரி பெருமையாக.

ஓட்டலுக்காவது போகலாம் என்று கிளம்பியவர்களைக் கேட்டில் ராக்கியண்ணன் நிறுத்தினார்.

"பசிக்குதுங்களா?"

"உசுரு போகுதுய்யா!"

"அப்ப விட முடியாதுங்க."

குழந்தைகள் அழுதன. பெரியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வெள்ளியங்கிரிக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் கணக்குத் துல்லியமாக இருந்ததே!

விஷயம் மேடைக்கு எட்டியதும் பூவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் போன் போட்டாள். சுவருக்கு மேலாகப் பார்சல் பார்சலாக வந்து இறங்கியது. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். சம்பந்தி ஏப்பம் விட்டார். பூட்டைத் திறந்தார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியது.

அந்த நேரம் பார்த்துச் சென்னியப்பன் முகம் வெளிறி ஓடிவந்தார். "அண்ணா, ஒரு பரோட்டா மிஞ்சிப்போச்சு!"

வெள்ளியங்கிரி அப்படியே தரையில் உட்கார்ந்து, "எம் பொண்ணு வாழ்க்கை போச்சே!" என்று அழுதுவிட்டார்.

"நாம தின்னுட்டா?"

"பசிக்காத வயித்துல போட்டா அதுவும் வீண்தானடா!"

சால்வரைத்தான் கேட்டார்கள். அது அசரவில்லை. பஸ்ஸில் இருப்பது எண்பது பேர், ஆளுக்கு எண்பதில் ஒரு பங்கு என்றது.

மூவரும் ஒரே மொபெட்டில் பஸ்ஸைத் துரத்திப் பிடித்தார்கள். பரோட்டாவைக் கத்தரியால் நறுக்கி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு துணுக்கு வைத்தார்கள். புதுமாப்பிள்ளைகூட மறுபேச்சில்லாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

கடைசியாகச் சம்பந்தி. தன் துணுக்கை நகத்தால் கிள்ளி ஒரு பாதியை மென்றார். தண்ணீர் குடித்தார். மறுபாதியைப் பத்திரமாக வெள்ளியங்கிரியிடமே நீட்டினார்.

"வயிறு நெறஞ்சிருச்சுங்க. இதை வீணாக்காம நாளைக்குக் காலைப் பலகாரத்துக்கு வெச்சுக்குங்க."