பங்களாவுக்கு மேலே ஒரு சோதனை

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை, டிராக்டரின் சாய்வைக் காட்டும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினார். முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை வண்டி கவிழாதாம். ஆளை ஏற்றாமல் சோதியுங்கள் என்றோம், காதில் வாங்கவில்லை; டிராக்டர் ஓட்டும் மாசாணியைக் கூப்பிட்டார்.

"மாசாணி, அந்தச் செங்குத்துச் சரிவுல ஓட்டிக் காட்டு. பயமா இருந்தா நாளைக்கு வேலைக்கு வராதே."

"ஓட்டுறேன் தொரை. உங்க பங்களாவுக்கு நேர் மேலயும் அதே மாதிரி சரிவுதானே? அங்கயே ஓட்டுறேன்."

துரை பதறினார். "அங்க வேணாம்டா! உருண்டா என் கூரை மேல விழும்!"

"முள்ளு சிவப்பைத் தொடாம எப்படி தொரை உருளும்?"

கொழுந்து பறித்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மறுநாள் ஆளில்லாத வண்டியைக் கயிறு கட்டிச் சாய்த்தோம். முள் சிவப்பைத் தொட வெகு முன்பே சக்கரம் தரையை விட்டு எழும்பியது. முள் அப்போது நின்ற இடத்தில் புதுச் சிவப்புக் கோட்டைத் துரை கையாலேயே போட வைத்தோம். மாசாணி இன்றும் ஓட்டுகிறான்.