இறகுப்பூச்சியின் பயம்

நீலகிரியில் சோலைக்காட்டை ஒட்டி ஓடும் குளிர்ந்த ஓடை ஒன்றில், ஜெயசீலி என்றொருத்தி ட்ரவுட் மீன் பிடித்துவந்த காலம் அது. அவள் புழு கோத்துப் பிடிப்பவள் இல்லை. காட்டுச்சேவலின் கழுத்து இறகை மஞ்சள் பட்டுநூலால் சுற்றி, நிஜப் பூச்சி போலவே கட்டித் தண்ணீரின் மேல் வீசுவாள். அப்படி அவள் கையில் பிறந்ததுதான் இந்த இறகுப்பூச்சி.

பிறந்ததிலிருந்தே அதற்கு நிம்மதி கிடையாது. டப்பாவில் கூட இருந்தவை ஒவ்வொன்றாக வெளியே போயின. சில கிழிந்து திரும்பின. சில திரும்பவே இல்லை. திரும்பியவையும் மீனின் வாயைப் பற்றியே பேசின. அந்த வாயை நினைத்து நினைத்து இறகுப்பூச்சிக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு தூறல் நாளில் அதன் முறை வந்தது. ஜெயசீலி அதைத் தூண்டில் நரம்பில் முடிந்து வீசினாள். தண்ணீரைத் தொட்டதுமே கீழே ஒரு நிழல் அசைந்தது.

"அக்கா, என்னை மேலே இழுத்துடு" என்று நரம்பிடம் கெஞ்சியது பூச்சி.

"பயமா இருக்கா? நல்லா நடுங்கு" என்றது நரம்பு. "நீ நடுங்கினாத்தான் உயிருள்ள பூச்சின்னு மீன் நம்பும்."

அது சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் பிளந்தது. சுற்றிலும் இருட்டு. நரம்பு விறைத்தது, ஒரு வேரில் உரசியது, பட்டென்று அறுந்தது. இறகுப்பூச்சி கண்ணை மூடிக்கொண்டு பற்களுக்காகக் காத்திருந்தது.

பற்கள் வரவில்லை. மீன் அங்குமிங்கும் பாய்ந்தது, தலையை உதறியது, கடைசியில் கரைக்கு அடியில் ஒரு பொந்தில் போய் ஒடுங்கியது. அதன் உடம்பு முழுக்க உதறல்.

"என்னை விட்டுடு" என்றது மீன்.

பூச்சிக்குப் புரியவில்லை. "நீதானே என்னைப் பிடிச்சிருக்கே?"

"நானா? உன் முள்ளுதான் என் தாடையில ஏறியிருக்கு."

இறகுப்பூச்சி முதல் தடவையாகக் குனிந்து பார்த்தது. தன் இறகுகளுக்கு அடியில், தன் வயிறாகவே வளைந்து, ஒரு இரும்பு முள். இத்தனை காலமும் பயந்து நடுங்கியபோதெல்லாம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

மீன் வயிறு நிறைய முட்டையோடு இருந்தது. மேலே பாறை தாண்டிப் போய் முட்டையிட வேண்டும் என்றும், வாயில் இது இருக்கும்வரை இரை எடுக்க முடியாது, தெம்பில்லாமல் பாறை ஏற முடியாது என்றும் விக்கி விக்கிச் சொன்னது. பூச்சி விட நினைத்தது. விடுவது எப்படி என்று அதற்குத் தெரியவில்லை. பிடிப்பதற்காக மட்டுமே அதைச் செய்திருந்தார்கள்.

"கல்லுல தேய்" என்றது கடைசியில்.

"நீ பிஞ்சுபோயிடுவே."

"தெரியும். எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீ தேய்."

மீன் தேய்த்தது. பட்டுநூல் பிரிந்தது, இறகு கொத்தாகக் கழன்றது. மறுபடியும் மறுபடியும் தேய்த்ததில் முள் நெகிழ்ந்து, சரளைக்கல் மேல் விழுந்தது. மீன் அசையாமல் சற்று நின்றது. பிறகு தாடையில் ரத்தம் கசிய, ஓட்டத்தை எதிர்த்து மேலே போயிற்று.

இறகு மட்டும் ஒரு வேரில் சிக்கிக்கொண்டு ஆடியது. கீழே முள் பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்து வேறொரு மீன் வாயைத் திறந்துகொண்டு வந்தது. இறகின் நடுக்கம் அப்போதும் நிற்கவில்லை.

"அங்கே போகாதே" என்று இறகு கத்தியது. "அங்கே நான் கிடக்குறேன்."