செவலை வாய் திறந்த ஏலம்

கோழியும் கீரியும் மனுஷரும் ஒரே பாஷையில் பேரம் பேசிய அந்தக் காலத்தில், பேசத் தெரிந்தும் பேரம் பேசாமல் கிடந்தவள் ஒருத்திதான். தேரிக்காட்டுக் கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் குடியிருந்த செவலைக்கோழி.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. விடியுமுன் எழுந்து செம்மண்ணைக் கிளறுவாள்; குஞ்சுகளையும் கிளறப் பழக்குவாள். முதல் முட்டை ஆண்டவருக்கு, அடுத்தவை அடைக்கு, மிச்சம்தான் விற்பனைக்கு. பட்டினி கிடந்தாலும் இந்தப் பங்கை மாற்றக் கூடாது என்று குஞ்சுகளுக்குத் தினமும் சொல்லுவாள்.

விற்கிற இடத்தில்தான் கோட்டை விட்டாள். முட்டையை இட்டுவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவாள். என் சரக்கு நல்ல சரக்கு என்று சொல்வது ஆணவம், ஆணவம் பாவம் என்பது அவள் எண்ணம். அது கீரிக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று. ஊரெல்லாம் முட்டை வாங்கி விற்கிறவன் அவன். வருவான், முட்டையை உருட்டுவான், சிறுசு என்பான், போன வாரச் சரக்கா என்பான், ஒரு பிடி குருணையைச் சிந்திவிட்டு அள்ளிக்கொண்டு போவான். அதே முட்டையைத் தெருக்கோடியில் ஒரு நாழி நெல்லுக்கு விற்பான். பாடுபட்டவளுக்குக் குருணை, தூக்கிப் போனவனுக்கு நெல். வயிறு எரியாதா?

குஞ்சுகளுக்கு எரிந்தது. கடைக்குட்டி கேட்டேவிட்டது.

“முட்டை நம்ம முட்டை. வெலய மட்டும் ஏன் அவரு சொல்லுதாரு, யம்மா?”

செவலை குனிந்து மண்ணைக் கிளறினாள்.

ஐப்பசி மழை நெருங்கியது. மழை பிடித்துக்கொண்டால் கிளற மண் கிடைக்காது. கூட்டில் தானியம் இருந்தால்தான் குஞ்சுகள் பிழைக்கும். அது தெரிந்துதான் கீரி வந்தான். இனி குருணை வேண்டுமென்றால் அடைக்கு வைத்த முட்டைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றான். விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகை முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றாள் செவலை. யோசிக்க என்ன இருக்கிறது என்று சிரித்தபடி போனான்.

பண்டிகையன்று, கோயிலில் வேதம் சொல்லும் உபதேசியார் வேதமாணிக்கம் காணிக்கைப் பொருட்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் விட்டார். பூசணிக்காய் போனது, கருப்பட்டி போனது. அடுத்து செவலை ஆண்டவருக்குப் படைத்த முட்டை. யார் இட்டது, எப்போது இட்டது, ஒருவருக்கும் தெரியவில்லை. விலை கேட்க யாரும் முன்வரவில்லை.

“ஒரு பிடி குருணை,” என்றான் கீரி, பல்லைக் குத்திக்கொண்டே.

உபதேசியார் ஒருதரம் என்றார். இரண்டுதரம் என்றார்.

கடைக்குட்டி தாயின் சிறகைக் கொத்தி இழுத்தது. “யம்மா, இது ஆண்டவரு முட்டை. அவரு சரக்கும் குருணைக்குத்தான் போணுமா?”

செவலைக்குச் சுரீரென்றது. தன் நஷ்டத்தை அடக்கம் என்று பேர்வைத்து விழுங்கலாம். ஆண்டவர் பங்கை எப்படி விழுங்குவது? ஒரே தாவலில் ஏல மேசைமேல் ஏறினாள்.

“நிறுத்துங்க உபதேசியாரே. அது நான் இட்ட முட்டை. இன்னைக்குக் காலையில இட்டது. கம்பும் கரையானும் தின்னு இட்டது. கூர்முனையில கொஞ்சம் சொரசொரப்பு இருக்கு, அதையும் பாத்துட்டுக் கேளுங்க. ஒரு நாழி நெல்லுக்குக் கீழ யாரும் கேக்க வேண்டாம்.”

“ஏட்டி, ஒனக்கு இம்புட்டு ஆணவமா?” என்றான் கீரி.

“சொன்னதுல பொய் இருந்தாத்தாம்வே ஆணவம். தந்தவரு தந்தத உள்ளபடி சொல்லுதேன்.”

கூட்டம் சிரித்தது. கீரியைப் பார்த்துத்தான். தன் சரக்கின் குறையைத் தானே சொல்லும் வியாபாரியை ஊர் அன்றுதான் கண்டது. பிள்ளை பெற்ற மகளுக்கு முட்டை தேடிக்கொண்டிருந்த ஞானப்பூ ஒரு நாழி என்றாள். உப்பு வியாபாரி மாசிலாமணி இரண்டு என்றார். ஞானப்பூ விடுவதாயில்லை. ஏறி ஏறி, ஒரு மரக்கால் நெல்லுக்கு அந்த முட்டை ஞானப்பூவின் மடிக்குப் போனது. நெல் கோயிலுக்குப் போனது.

அதோடு நிற்கவில்லை. வேறு முட்டை இருக்கிறதா என்று ஆளாளுக்குச் செவலையைச் சூழ்ந்துகொண்டார்கள். மேசையைவிட்டு இறங்காமலே விலை சொன்னாள். அடை முட்டையை மட்டும் எவருக்கும் தரவில்லை. மழை வந்தபோது கூடு நிறைய நெல் கிடந்தது. குஞ்சுகள் கோயில் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, பிறகு கொத்தின.

கீரியிடம் விற்க ஊரில் யாரும் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு அடங்கியவன்தான், இன்றுவரை ஒரு வார்த்தை விலை பேசாமல் கூட்டுக்குள் புகுந்து திருடுகிறான். கோழியோ, அந்த ஏலம் முதல்தான், ஒரு முட்டை இட்டாலும் எழுந்து நின்று ஊரே கேட்கக் கொக்கரிக்கிறது.