நூறு வரை

மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மெய்யம்மை அங்கே நாலைந்து பேரோடு உட்கார்ந்து பேசுவார். தியான வகுப்பு என்றார்கள் சிலர், சும்மா பேச்சு என்றார்கள் சிலர். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் டீச்சர்தான். வயது முப்பத்திரண்டு. அவருடைய சீடர் அறவாழி அவரைவிட ஒன்பது வயது மூத்தவர்.

அன்று முகூர்த்த நாள் என்பதால் வேறு யாரும் வரவில்லை. அறவாழி மட்டும் நான்கு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"மன்னிக்கணும் டீச்சர். வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. மதியைப் பார்த்துக்க ஆளில்லை. ஒரு ஓரமா உட்கார வைக்கிறேன்."

"பிள்ளையை எதுக்கு ஓரமா உட்கார வைக்கணும்?" என்று டீச்சர் செருப்பை மாட்டினார். "வாங்கண்ணா, பார்க்குக்குப் போவோம். பாடம் எங்கேயும் ஓடிப் போகாது."

மாநகராட்சிப் பூங்கா அது. டிக்கெட் கிடையாது. ஆனால் காலை பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால்.

ஊஞ்சல்கள் இரண்டு. ஒன்றின் சங்கிலி அறுந்து, மேல் கம்பியில் சுற்றிக் கிடந்தது. மற்றதற்கு நான்கு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மதி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊஞ்சல். ஓடிப்போய் ஐந்தாவதாக நின்றுகொண்டாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருக்கு நூறு எண்ணும் வரைக்கும் ஆட்டம். நிற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ண வேண்டும். ஆடி இறங்கியவர்களும் போய்விடாமல் பக்கத்தில் நின்று எண்ணினார்கள்.

மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு சின்னப் பையன் வந்து மதிக்குப் பின்னால் நின்றான். வரிசையைப் பார்த்தான். அழ ஆரம்பித்தான்.

"நீ முன்னாடி நின்னுக்கோ," என்று மதி நகர்ந்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அறவாழி எழுந்துவிட்டார். "ஏய் மதி!"

அவள் காதில் விழவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா டீச்சர்? அப்படியே என்னை மாதிரி."

"உங்களை மாதிரின்னா?"

"எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். ஹாஸ்டல் இடத்துக்கு வரிசையில நின்னேன். பின்னாடி ஒருத்தன் காய்ச்சல்ல நடுங்கிட்டு நின்னான். பாவம், நீ முன்னாடி போன்னு விட்டேன். அவனுக்குக் கொடுத்ததோட இடமெல்லாம் தீர்ந்துபோச்சு. ஜன்னலைச் சாத்திட்டாங்க. மூணு வருஷம் தினமும் ரெண்டு பஸ் மாறிப் போய்ப் படிச்சேன்."

டீச்சர் ஊஞ்சல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ எப்படிப் பிழைக்கப் போறா, டீச்சர்? அதுதான் என் கேள்வி. இந்த வாரம் பூரா அதுதான்."

"மணி என்ன?"

"ஒன்பது ஐம்பது."

"போய் நீங்களும் எண்ணுங்கண்ணா."

அறவாழி போய் மகளின் பக்கத்தில் நின்றார். ஊஞ்சலில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி. இன்னும் எத்தனை பேர், இன்னும் எத்தனை நிமிடம் என்று அவர் மனசு கணக்குப் போட்டது. பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணினார். குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். கொஞ்சம் வேகப்படுத்தினார்.

"எழுபத்தேழு, எழுபத்தெட்டு, எண்பத்தொண்ணு..."

எண்ணிக்கை நின்றது.

"அங்கிள் அழுகுணி!"

"எழுபத்தொம்பது எங்கே? எண்பது எங்கே?"

"தப்பா எண்ணினா திரும்ப ஒண்ணுல இருந்து. அதுதான் ரூல்!"

"தேங்க்ஸ் அங்கிள்!" ரெட்டைச் சடைக்காரி காலை உதைத்து இன்னும் உயரப் போனாள்.

அறவாழிக்குக் காது சூடானது. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, சரியா சொல்லு. ஒண்ணு!"

அவர் ஒன்றிலிருந்து எண்ணினார். இந்த முறை எதையும் விடவில்லை. அப்போதுதான் மகளைக் கவனித்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் அவள் ஒரு குதி குதித்தாள். இருபத்தொன்பது வந்ததும் எல்லோருக்கும் முந்தி, "இருபத்திப் பத்து!" என்று கத்தினாள். வரிசையே சிரித்தது. மூக்கு ஒழுகிய பையன்தான் அதிகம் சிரித்தான்.

"முப்பது மதி, முப்பது!"

அடுத்த நூறிலும் அவள் இருபத்திப் பத்து என்றாள். அதற்கடுத்த நூறில் எல்லோருமே இருபத்திப் பத்து என்றார்கள். அதைத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

மதி ஊஞ்சலில் ஏறிப் பதினேழு எண்ணியபோது விசில் சத்தம் கேட்டது.

"மணி பத்து! கிளம்புங்க, கிளம்புங்க!" வாட்ச்மேன் சூசை சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார்.

அறவாழிக்கு எப்போதோ சாத்திய அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. "சீக்கிரம், வேகமா எண்ணுங்க!"

"கடைசி ஆளுக்கு வேகமா எண்ணக் கூடாது அங்கிள்," என்றாள் ரெட்டைச் சடைக்காரி. "பின்னாடிதான் யாரும் இல்லையே."

ஒருத்தரும் நகரவில்லை. பதினெட்டு என்றார்கள். பத்தொன்பது என்றார்கள். சூசை இரண்டாம் முறை விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், ஊதாமல் இறக்கினார்.

"நான் பின்பக்க கேட்டைப் பூட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள நூறு முடிஞ்சிருக்கணும், சொல்லிட்டேன்."

அவர் மெதுவாகத்தான் நடந்துபோனார்.

நூறு முடிந்தது. "நாளைக்கும் வா மதி!" என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் கலைந்தார்கள். மூக்கு ஒழுகிய பையன் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து அவளுக்கு டாட்டா காட்டிவிட்டு ஓடினான்.

"அவன் பேரு ஃபைசல்," என்றாள் மதி. "அவன் வீட்டுல ரெண்டு கோழி இருக்கு."

அறவாழி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். மாவு மில் தெரு வரைக்கும் நடந்தார். பிறகு கேட்டார்.

"நானும் இப்படித்தானே வழிவிட்டேன், டீச்சர். அவளுக்கு இனிக்குது. எனக்கு மட்டும் ஏன் இருபது வருஷமாக் கசக்குது?"

டீச்சர் நின்றார். மதியின் காலில் கழன்று தொங்கிய செருப்பைச் சரியாக மாட்டிவிட்டார்.

"அந்த வரிசையில உங்களுக்காக யாரும் எண்ணலையேண்ணா."